கண்ணாடித் திரையும் கைவிரலும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் இரு வகையினர். வாங்கப் போகிறவர் ஒரு வகை. வாங்கி மூன்று ஆண்டுகள் ஆனவர் மற்றொரு வகை. முன்னவர் பேச்சில் உற்சாகம் மிகுந்திருக்கும். பின்னவர் பேச்சில் விவரம் மிகுந்திருக்கும். நான் பின்னவர் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆதலால் இன்று விவரமாகவே பேசலாம் என்று எண்ணுகிறேன்.

எஸ்.யூ.வி. என்று மூன்றெழுத்தால் வழங்கப்படும் வண்டிகளை நீங்கள் தெருவில் கண்டிருப்பீர்கள். உயரமானவை, கனமானவை, ஏறி அமர்ந்தால் சிறு மாடியில் அமர்ந்தது போன்ற உணர்ச்சியைத் தருபவை. தொழில் நிமித்தம் மாதம் இருமுறை சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்வர வேண்டியவன் ஆகையால், அவ்வினத்தில் விலை மிகுந்த ஒன்றை நான் வாங்கினேன். அதன் எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இருக்கைகள் அருமையானவை, நானூறு கல் தொலைவு சென்று இறங்கினாலும் இடுப்பு நோவதில்லை. என் மனக்குறை முழுவதும், எதைக் காட்டி அவ்வண்டியை எனக்கு விற்றார்களோ அதைப் பற்றியது. முன்புறப் பலகையின் நடுவே பளபளக்கும் அகன்ற கண்ணாடித் திரையும், அதன் பின்னால் ஒளிந்திருக்கும் கணிப்பொறிகளுமே அவை.

இத்திரை எவ்வாறு வண்டிக்குள் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய மோட்டாரில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி உண்டு. விளக்கின் விசையை அழுத்தினால், மின்கலத்திலிருந்து புறப்பட்ட மின்சாரம் அக்கம்பி வழியே சென்று விளக்கை ஏற்றும். விசைகள் பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகின. கதவுக்குள்ளும் கூரைக்குள்ளும் கட்டுக் கட்டாகக் கம்பிகளைத் திணிக்க வேண்டியதாயிற்று. இத்தொல்லைக்கு ஜெர்மனியிலுள்ள பாஷ் நிறுவனத்தார் 1986ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டு வெளியிட்டனர். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகள் வண்டி முழுவதும் ஓடும். எல்லாக் கருவிகளும் அக்கம்பிகளின் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரே சமயத்தில் இரு கருவிகள் பேசத் தொடங்கினால், முக்கியம் குறைந்த செய்தி தானே வாய்மூடிக் காத்திருக்கும். முக்கியமானது முந்திச் செல்லும். மிக அழகான ஏற்பாடு. இன்றும் உலகெங்கும் மோட்டார்களில் இம்முறை வழங்கி வருகிறது.

ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. அன்று விசையை அழுத்துவது செயலாக இருந்தது. இப்போது அது ஒரு விண்ணப்பமாகிவிட்டது. "கண்ணாடி துடைப்பானை இயக்குக" என்று கணிப்பொறிக்கு நாம் மனுப்போடுகிறோம். அது நிறைவேற்றி வைக்கிறது. விண்ணப்பத்தை எங்கிருந்தும் எழுதலாம் அல்லவா? அதற்கென ஒரு குமிழோ பொத்தானோ கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணாடியில் ஒரு படம் வரைந்து, அதைத் தொடச் சொன்னாலும் போதும். பொத்தான்கள் மறைவதற்கு வழி திறந்தது இவ்விடத்தில்தான்.

வியப்பு என்னவெனில், அதே 1986ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ப்யூக் ரிவியேரா என்ற காரில் தொடுதிரை வைத்து விற்றார்கள். வானொலியும் குளிர்சாதனமும் அத்திரையில் அடங்கியிருந்தன. வாங்கியோர் பலர் அதை விரும்பவில்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதே அன்றைய முறையீடு. சில ஆண்டுகளுக்குள் அத்திரை கைவிடப்பட்டது. பிறகு கைத்தொலைபேசி தொடுதிரையாக மாறி உலகத்தையே மயக்கிற்று. 2012இல் டெஸ்லா நிறுவனத்தின் மாடல் எஸ் கார் பதினேழு அங்குலத் திரையோடு வெளிவந்தது. அமெரிக்க அரசு, 2018 மே மாதம் முதல் புதிய கார்களில் பின்புறம் காட்டும் காமிராவைக் கட்டாயமாக்கியது. காமிரா இருந்தால் அதன் படத்தைக் காட்ட ஒரு திரை வேண்டும். திரை எப்படியும் வேண்டுமென்றால் மற்ற வேலைகளையும் அதனிடமே ஒப்படைத்தால் என்ன என்று உற்பத்தியாளர்களுக்குத் தோன்றியது இயல்பே. ஒவ்வொரு பொத்தானுக்கும் அச்சு வார்க்க வேண்டும், இணைக்க வேண்டும், பல்லாயிரம் முறை அழுத்திச் சோதிக்க வேண்டும். திரையில் படம் வரைவதற்கு அச்செலவு இல்லை. செலவைக் குறைத்த ஒன்றையே செல்வச் சிறப்பின் அடையாளமாக விற்க முடிந்ததே, அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

இனி விரலின் கதைக்கு வருவோம். நம் வீட்டுச் சமையலறையில் அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைகிறது. இல்லத்தரசியின் கண் அடுப்பின்மேல் இருக்கிறது. கை பெட்டிக்குள் சென்று கடுகை எடுத்து வருகிறது. மஞ்சளோ மிளகோ தவறியும் வருவதில்லை. எந்தக் கிண்ணத்தில் எது என்பதைப் பல ஆண்டுப் பழக்கத்தால் அவ்விரல்கள் அறிந்து வைத்திருக்கின்றன. மோட்டார் ஓட்டுகிறவனுக்கும் இப்படித்தான். குமிழின் உருவமும், அது இருக்கும் இடமும், திருப்பும்போது அது தரும் 'டக்' என்ற எதிர்ப்பும் விரலுக்குச் செய்தி சொல்லும். கண் சாலையிலேயே இருக்கும்.

கண்ணாடித் திரையில் மேடு பள்ளம் கிடையாது. விரல் எங்கு சென்றாலும் ஒரே வழவழப்பு. ஆகவே கண் வந்து வழிகாட்ட வேண்டியிருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது. இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், 44 மீட்டர் தொலைவு நாம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். நம் ஊர்ச் சாலையில் 44 மீட்டருக்குள் என்னென்ன குறுக்கே வரும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஸ்வீடன் நாட்டில் வீ பிலேகாரே என்ற மோட்டார்ப் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை செய்தது. திரை வைத்த பதினொரு புதிய கார்களையும், 2005ஆம் ஆண்டுப் பழைய வால்வோ கார் ஒன்றையும் ஒரு விமான தளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார்கள். இருக்கைச் சூட்டைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு சாதாரண வேலைகளை ஓட்டிக்கொண்டே செய்ய வேண்டும். பழைய வண்டியில் நான்கும் 10 விநாடியில் முடிந்தன; அதற்குள் வண்டி 306 மீட்டர் சென்றிருந்தது. புதியவற்றுள் மிகப் பின்தங்கியதற்கு 44.6 விநாடி ஆயிற்று. அது கடந்த தொலைவு 1,372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல்! சோதனைக்கு முன்னால் அந்த ஓட்டுநர்களுக்குப் பழகிக்கொள்ள நேரமும் கொடுத்திருந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பழகிக்கொண்டால் சரியாகிவிடும் என்று விற்பனையாளர் எனக்கும் சொன்னார். பழகினேன். ஓர் இரவு, நான் உறங்கும்போது, வண்டி தன் கம்பெனியிலிருந்து வானொலி அலை வழியே புதிய கட்டளைத் தொகுதி ஒன்றைப் பெற்றுக்கொண்டது. மென்பொருள் புதுப்பிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். காலையில் பார்த்தால், நான் பழகியிருந்த படங்களில் சில இடம் மாறியிருந்தன. ஒன்று வேறொரு பக்கத்துக்குள் போய்விட்டது. அஞ்சறைப்பெட்டியை இரவோடிரவாக யாரோ அடுக்கி மாற்றி வைத்தது போலத்தான். அவர்கள் அழகாகவே அடுக்கியிருந்தார்கள். அதனால் என் விரலுக்கு என்ன பயன்?

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஓரிரவு, என் மனைவியையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு சேலம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தேன். ஆத்தூரில் இறங்கிக் காப்பி குடித்துவிட்டு வண்டிக்குத் திரும்புவதற்குள் மூவரும் நனைந்துவிட்டோம். மாமியாருக்கு எண்பது வயது. குளிர் தாங்கவில்லை என்றார். ஆகவே குளிர்சாதனத்தை நிறுத்தினேன். வாழப்பாடியை நெருங்கும்போது மழை வலுத்தது. கதவுக் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன.

இந்நிலையில் என்ன நேரும் என்பது எளிய பௌதிகம். ஈர உடையிலிருந்தும் மூவரின் மூச்சிலிருந்தும் நீராவி வெளிப்படுகிறது. வெளியே மழை பட்டு முன்கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. உள்ளேயுள்ள ஈரக்காற்று அக்குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும், ஆவி நுண்ணிய நீர்த்துளிகளாகப் படிகிறது. வெளியே இருக்கும் துடைப்பான் எவ்வளவு ஓடினாலும் உட்புறத் துளிகளை அது தொடாது. இதற்குப் பரிகாரம் குளிர்சாதனத்தை ஓட்டி, அந்தக் காற்றைக் கண்ணாடியின்மேல் திருப்புவது. குளிர்ந்த சுருள் குழாயின்மேல் காற்று படும்போது அதிலுள்ள ஈரம் அங்கேயே நீராகி வடிந்துவிடும்; உலர்ந்த காற்று கண்ணாடிமேல் வீசி, அங்குள்ள துளிகளை உறிஞ்சிக்கொள்ளும். அரை நிமிஷத்தில் கண்ணாடி தெளியத் தொடங்கும். வெப்பக் காற்றாயினும் சரி, குளிர்காற்றாயினும் சரி, உலர்ந்த காற்றாக இருப்பதே முக்கியம்.

அந்த விசை என் வண்டியில் திரைக்குள் இருந்தது. தொட்டேன், விரல் ஈரமாக இருந்தபடியால் திரை அதைப் புரிந்துகொள்ளவில்லை. கண்ணாடியின்மேல் ஒளிபுகும் மெல்லிய மின்கடத்திப் பூச்சு ஒன்று உண்டு. விரல் அருகே வந்தால் அங்குள்ள மின்னூட்டம் சிறிதே மாறும். அம்மாற்றத்தைக் கொண்டுதான் தொட்ட இடத்தைத் திரை கணக்கிடுகிறது. நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈர விரல் அக்கணக்கைக் குழப்பிவிடும். இன்னொரு முறை தொட்டேன். அப்போது திரை முழுவதும் கறுத்து, நடுவே கம்பெனியின் முத்திரை தோன்றியது. கணிப்பொறி ஏதோ காரணத்தால் தன்னைத் தானே நிறுத்தி மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. அதுவரையில் குளிர்சாதனம் தன் கடைசி நிலையிலேயே இருக்கும். கடைசி நிலை, நிறுத்தம்.

முன்னே எதிர்வரும் விளக்குகள் வெண்மையான பூசல்களாகத் தெரிந்தன. பின்னால் ஒரு லாரி ஒலியெழுப்பிக்கொண்டு வந்தது. "மாப்பிள்ளை, பழைய வண்டியிலே ஒரு திருகு இருக்குமே, அதைத் திருப்புங்களேன்" என்றார் மாமியார். அபாய விளக்கின் பொத்தான் மட்டும் நல்ல வேளையாகப் பொத்தானாகவே இருந்தது. அதை அழுத்தி, பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, மழையில் தலையை நீட்டிப் பார்த்தவாறு வண்டியை ஓரம் கட்டினேன். என் மனைவி துண்டால் முன்கண்ணாடியைத் துடைத்தாள். திரை மறுபடி உயிர் பெற இரண்டு நிமிஷம் ஆயிற்று. பழுது பார்க்கும் நிலையத்தில் சோதித்துவிட்டு, கருவியில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றார்கள்.

இது என் ஒருவனுக்கு நேர்ந்த தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அமெரிக்காவில் நேர்ந்த ஒரு செய்தியைக் கேளுங்கள். டெஸ்லா நிறுவனத்தின் மாடல் எஸ் கார்களிலும், மாடல் எக்ஸ் என்ற விலை மிகுந்த எஸ்.யூ.வி.களிலும், 2018ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை செய்யப்பட்டவற்றில், திரையை இயக்கும் கணிப்பொறிக்குள் 8 ஜிகாபைட் அளவுள்ள நினைவகச் சில்லு ஒன்று இருந்தது. அவ்வகைச் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதே எழுதுதல், வெளியேற்றுவதே அழித்தல். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அறையின் காப்புச் சுவர் சிறிது தேய்கிறது. ஏறத்தாழ 3,000 முறைக்குப் பின் அது பயனற்றுப்போகும். வண்டியோ ஓயாமல் தன் நாட்குறிப்பை அதில் எழுதிக்கொண்டே இருந்தது. ஐந்து, ஆறு ஆண்டுகளில் சில்லு தேய்ந்து, திரை அணைந்தது. அதனோடு பின்புறக் காமிராவும் போயிற்று. கண்ணாடியின் ஆவியை நீக்கும் ஏற்பாட்டைக் கையாளும் வழியும் போயிற்று. இது பாதுகாப்புக் குறைபாடே என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021 ஜனவரியில் கூறியது. அடுத்த மாதமே சுமார் 1,35,000 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரி செய்ய நிறுவனம் இசைந்தது. அந்த வண்டிகளின் மோட்டாரும் சக்கரமும் உருக்குச் சட்டமும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை.

என் மனத்தை உறுத்துவது இந்த ஆயுள் வேற்றுமைதான். இரும்பு இருபது ஆண்டு வாழ்கிறது. அதை ஆளும் சில்லு ஆறாண்டில் மூப்படைகிறது. சென்னையில் புதுப்பேட்டைக்குச் சென்றால் முப்பது ஆண்டுப் பழைய அம்பாசடர் காருக்கும் கியர் பெட்டியைத் தேடி எடுத்துத் தருவார்கள். அங்கே ஒரு முதிய மெக்கானிக்கிடம் என் வண்டியின் திரையைப் பற்றிக் கேட்டேன். "ஐயா, கழற்றி மாட்ட எனக்குத் தெரியும். மாட்டினாலும், கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போட்டால்தான் அது பேசும்" என்றார். வேறொரு வண்டியிலிருந்து எடுத்த கருவியை என் வண்டி தன்னுடையதென ஏற்காது. திருட்டைத் தடுக்க அவ்வாறு செய்திருக்கிறார்களாம். உத்தரவாதக் காலம் கடந்தபின் புதிய திரைக்கு என்ன விலை என்று விசாரித்தேன். நான் முதன்முதலில் வாங்கிய பழைய பியட் காருக்குக் கொடுத்ததைவிட அது அதிகம்.

தொலைத்தொடர்புக்கும் இதே கதி நேர்வதுண்டு. 2022இல் அமெரிக்காவில் மூன்றாம் தலைமுறை அலைவரிசைகளை நிறுத்தியபோது, அவற்றை நம்பியிருந்த பல கார்கள், விபத்து நேர்ந்தால் தாமே உதவிக்கு அழைக்கும் ஆற்றலை ஒரே நாளில் இழந்தன. வண்டியில் எதுவும் பழுதாகவில்லை.

வழித்தடத்தைக் காக்கும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன்கண்ணாடியின் மேற்புறமுள்ள காமிரா, சாலையின் வெள்ளைக் கோடுகளைப் பார்த்து, வண்டி கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பும். கோடு தெளிவாக இருக்கும் நாற்கரச் சாலையில் அது ஒழுங்காகவே உழைக்கிறது. கோடு அழிந்த இடத்தில் வாளாவிருக்கிறது. பழுது பார்த்த பழைய தார்க்கோட்டைச் சில சமயம் வழித்தடமென எண்ணிக்கொள்கிறது. பள்ளத்தைத் தவிர்க்க நான் விலகினால், மறுபடி பள்ளத்தை நோக்கியே என் கையை இழுக்கிறது. முன்செல்லும் வண்டியின் தூரத்தை அளக்க நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அலைநீளமுள்ள ரேடார் அலைகள் பயன்படுகின்றன. அவை மழையையும் இருளையும் ஊடுருவிக் காண்பவை. ஆயினும் இடைவெளி விட்டுச் செல்வது நாகரிகம் என்று அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். இடைவெளி கண்டால் புகுவது உரிமை என்று நம் ஆட்டோக்காரர்கள் கற்றிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டோ நுழையும்போதும் என் வண்டி பணிவாகப் பின்வாங்குகிறது. பின்னால் வருபவர் என்னை வைகிறார். இவ்வேற்பாடுகளை நிறுத்தி வைத்தாலும், அடுத்த முறை எஞ்சினை எழுப்பும்போது வழித்தடக் காவலன் மறுபடி எழுந்துவிடுகிறான்.

இவ்வளவும் சொன்னதால் நான் விஞ்ஞானத்துக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். 1978இல் ஏ.பி.எஸ். என்ற மின்னணுப் பிரேக் ஏற்பாடு மெர்ஸிடிஸ் கார்களுக்கு வந்தது. திடீரென்று பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிட்டால், வண்டி வழுக்கும், ஸ்டியரிங்குக்கும் கட்டுப்படாது. இக்கருவி ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் கணந்தோறும் அளந்து, இறுகப் போகும் சக்கரத்தின் பிரேக்கை விநாடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும். ஓட்டுகிறவன் அதைப் பார்க்க வேண்டியதில்லை, கற்க வேண்டியதுமில்லை, காலால் மிதித்தால் போதும். என் வண்டியிலும் அது இருக்கிறது. எத்தனை முறை என்னைக் காத்ததோ, எனக்கே தெரியாது. இத்தகைய கணிப்பொறி எத்தனை வேண்டுமானாலும் வண்டிக்குள் இருக்கட்டும்.

மேல்நாடுகளில் காற்று சற்றுத் திசை மாறி வீசுகிறது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிட்டு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் என்ற அமைப்பு, 2026ஆம் ஆண்டு முதல் தன் மதிப்பீட்டில் ஒரு புது விதியைச் சேர்த்திருக்கிறது. திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், கண்ணாடி துடைப்பான், அவசர உதவி அழைப்பு ஆகியவற்றுக்குத் திரையில் அடங்காத தனி விசைகள் இருந்தால்தான் அதற்குரிய மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவரும், முக்கியமான சில வேலைகளுக்கு மறுபடி பொத்தான்களை வைக்கப் போவதாக 2025இல் அறிவித்தார்.

இப்படிப்பட்ட வண்டியை வாங்க எண்ணும் நேயர்கள், காட்சிக் கூடத்துக்குச் செல்லும்போது திரையின் அகலத்தை அளக்க வேண்டாம். ஓட்டும் இருக்கையில் அமர்ந்து, விசைகள் இருக்குமிடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, கண்களை மூடிக்கொள்ளுங்கள். துடைப்பானை வேகமாக ஓட்டுங்கள். அபாய விளக்கை ஏற்றுங்கள். காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். மூன்றில் எது கைக்கு அகப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு திரையைத் தொட்டுப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிறகு, இந்தத் திரை தானே அணைந்து எழும்போது எவையெவை என் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று கேளுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து இதற்கு மாற்றுக் கருவி கிடைக்குமா, கிடைத்தால் உங்கள் நிலையத்துக்கு வெளியே அதைப் பொருத்த முடியுமா என்றும் கேட்டு, அவர் சொல்லும் விடையைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.